பதினெட்டில் பதினாறு வென்ற அணிக்குக் கிண்ணம் ஏன் கிட்டவில்லை? 2023 ஆர்கோனாட்ஸ் பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வியைக் கேட்டவர் ரொறன்ரோவில் பதினைந்து ஆண்டுகளாக வாழ்பவர். கூடைப்பந்தும் பனிக்கட்டி ஹொக்கியும் பார்க்கப் பழகிய தனக்கு, கனடியன் ஃபுட்பால் மட்டும் இன்னும் பிடிபடவில்லை என்கிறார். 2023 பருவகாலத்தில் ரொறன்ரோ ஆர்கோனாட்ஸ் அணி பதினெட்டு ஆட்டங்களில் பதினாறை வென்றதாகவும், ஆனால் இறுதிப் போட்டிக்குக்கூடப் போகவில்லை என்றும் அலுவலக நண்பர் ஒருவர் சொல்லக் கேட்டு, அது எப்படி நேர்ந்தது, அந்த அணியில் யார் யார் இருந்தார்கள், அதை நல்ல அணி என்று சொல்லலாமா என்று மூன்று கேள்விகளை எழுப்பியிருக்கிறார். மூன்றாவது கேள்விக்கான என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சொல்லலாம். கிளப்பின் நெடிய வரலாற்றில், வெளியேற்றப் போட்டிகளுக்கு முந்தைய பதினெட்டு ஆட்ட முறையான தொடரை மட்டும் வைத்துப் பார்த்தால், அதைவிட அதிக வெற்றி பெற்ற அணி இருந்ததேயில்லை. ஆனால் அந்த வெற்றிகளே சில பலவீனங்களை மூடிவைத்திருந்தன என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் விடை முழுமையாகும்.

ஆட்டத்தைப் பற்றி இரண்டு விஷயங்கள் தெரிந்தால் போதும். அமெரிக்க ஃபுட்பாலில் பத்து யார்டு முன்னேற நான்கு முயற்சிகள் உண்டு, கனடாவில் மூன்றுதான். மூன்றாவது முயற்சியில் பெரும்பாலும் பந்தை எதிர்ப்பக்கம் உதைத்துவிடுவார்கள் என்பதால், உண்மையில் கையில் இருப்பவை இரண்டு முயற்சிகளே. மைதானம் 110 யார்டு நீளமும் 65 யார்டு அகலமும் கொண்டது, பக்கத்துக்குப் பன்னிரண்டு பேர் ஆடுகிறார்கள். இடம் அதிகம், முயற்சி குறைவு என்பதால் பந்தை எறிந்து ஆடுவதே வழக்கமாகிறது. எறிகிறவரான குவாட்டர்பேக்கின் கை அன்றைக்கு எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தே ஆட்டத்தின் போக்கும் அமைகிறது. எறிந்த பந்தை எதிரணி இடைமறித்துப் பிடித்துவிட்டால், வெறும் முயற்சி மட்டும் வீணாவதில்லை, பந்தின் உரிமையே கைமாறிவிடுகிறது. இந்தக் கைமாற்றம் என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் கதை முழுவதும் அதைச் சுற்றியே நகர்கிறது.

ஆர்கோனாட்ஸ் 1873-இல் படகோட்டிகளின் கழகம் ஒன்று தொடங்கிய அணி. அதனால் 2023 அவர்களுக்கு நூற்றைம்பதாவது ஆண்டு நிறைவு. அணியின் இரு நீல நிறங்கள் ஒக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் படகோட்டிகளிடமிருந்து வந்தவை. இந்தப் பழைமைக்கும் ரொறன்ரோ நகரவாசிகளின் ஈடுபாட்டுக்கும் தொடர்பே இல்லை என்பது வேறு விஷயம். ரெஜைனாவிலும் வின்னிபெக்கிலும் ஊரே திரண்டு பார்க்கும் ஆட்டத்துக்கு, இங்கே அணியின் சொந்த மைதானமான பி.எம்.ஓ. ஃபீல்டில் காலி இருக்கைகள் வழக்கமான காட்சி. கேள்வி கேட்டவர் ஒரு ஆட்டமும் பார்த்ததில்லை என்றால், அதற்காக அவர் வெட்கப்பட வேண்டியதில்லை. ஊரில் பாதிப் பேர் அப்படித்தான்.

2023-க்கு முன் இந்தக் கிளப்பின் உச்சமாகக் கருதப்பட்டவை 1996, 1997 ஆகிய இரண்டு ஆண்டுகள். டக் ஃப்ளூட்டி குவாட்டர்பேக்காக இருந்த அந்த இரண்டு பருவகாலங்களிலும் அணி 15 வென்று 3 தோற்றது, இரண்டிலும் கனடியன் ஃபுட்பால் லீக்கின் சாம்பியன் கிண்ணமான கிரே கிண்ணத்தையும் தூக்கியது. அந்த அணியில் ஓடியவர்களில் ஒருவர் மைக்கேல் கிளெமன்ஸ். 'பின்பால்' என்ற செல்லப்பெயர்தான் ஊருக்குத் தெரியும். குள்ளமான உடம்பை வைத்துக்கொண்டு, பின்பால் இயந்திரத்துக் குண்டுபோல எதிரிகள்மேல் பட்டுத் தெறித்து ஓடியதால் வந்த பெயர் அது. 2004-இல் தலைமைப் பயிற்றுநராக இருந்து கிண்ணம் வென்றபோது, அப்படி வென்ற முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்றுநரானார். 2023 அணியைக் கட்டிய பொது மேலாளரும் அவரே. தலைமைப் பயிற்றுநர் ரயன் டின்விடி. இவரைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2023-ஐப் புரிந்துகொள்ள, அதற்கு முந்தைய ஆண்டின் கடைசி ஆட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். 2022 நவம்பரில் ரெஜைனாவில் நடந்த 109-ஆவது கிரே கிண்ண இறுதிப் போட்டியில், தொடர்ந்து மூன்றாவது கிண்ணத்தை எதிர்பார்த்து வந்த வின்னிபெக் அணியை ரொறன்ரோ 24-23 என்று தோற்கடித்தது. நான்காம் கால்பகுதியில் வின்னிபெக்கின் ஜனேரியன் கிரான்ட், உதைத்த பந்தை எடுத்து 102 யார்டு ஓடிப் புள்ளி சேர்த்தபோது ஆட்டம் முடிந்துவிட்டதாகவே தோன்றியது. வழக்கமான குவாட்டர்பேக் மக்லாவுட் பெத்தெல்-தொம்சன் கையில் அடிபட்டு வெளியேற, மாற்று வீரராக உள்ளே வந்தார் சாட் கெல்லி. இரண்டாம் முயற்சியில் பதினைந்து யார்டு தேவைப்பட்ட ஒரு தருணத்தில், எறிய ஆள் கிடைக்காமல், தானே பந்தைத் தூக்கிக்கொண்டு இருபது யார்டு ஓடினார். அதைத் தொடர்ந்து ஏ.ஜே. ஊலெட் எல்லைக்குள் புகுந்து அணியை ஒரு புள்ளி முன்னே கொண்டுபோனார். கடைசி நிமிடத்தில் வின்னிபெக் எடுத்த நீண்ட உதையை ராபி ஸ்மித் கையை நீட்டித் தடுத்தார். ரொறன்ரோவின் தற்காப்பு வீரர் ஹெனொக் முவாம்பாவுக்கு ஆட்ட நாயகன் விருதும், சிறந்த கனடிய வீரர் விருதும் கிடைத்தன. கெல்லிக்குக் கிடைத்தது அடுத்த ஆண்டின் முதன்மை இடம். ஏனெனில் பெத்தெல்-தொம்சன் அமெரிக்காவின் வேறொரு லீக்குக்குப் போய்விட்டார்.

இந்த இடத்தில் கெல்லியைப் பற்றி. பஃபலோவின் புகழ்பெற்ற குவாட்டர்பேக் ஜிம் கெல்லியின் அண்ணன் தம்பி வழியில் மகன் முறையாகிறவர். திறமையைப் பற்றி யாருக்கும் ஐயம் இருந்ததில்லை, நடத்தையைப் பற்றித்தான் எல்லாருக்கும் இருந்தது. கிளெம்சன் பல்கலைக்கழக அணி அவரை நீக்கியது. பின்னர் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் சிறப்பாக ஆடியும், 2017-ஆம் ஆண்டு அமெரிக்காவின் முதன்மை ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல்.-இன் அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் தெரிவில் 253-ஆவதாக, அதாவது கடைசி ஆளாகத்தான் டென்வர் அவரை எடுத்தது. கடைசியாகத் தெரிவாகிறவருக்கு 'பொருட்டில்லாதவர்' என்று ஒரு கேலிப் பட்டம் அங்கே உண்டு. அடுத்த ஆண்டே, அத்துமீறி நுழைந்ததாகக் கைதான சம்பவம் ஒன்றுக்குப் பின் டென்வரும் கைவிட்டது. ரொறன்ரோவுக்கு 2022-இல் வந்தவர், 2023-இல் முதன்முறையாக ஒரு முழுப் பருவகாலத்துக்கு அணியின் முதன்மைக் குவாட்டர்பேக்கானார். 4,123 யார்டுகள் எறிந்தார், எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி பெறும் டச்டவுன்கள் 23-க்கு வழிசெய்தார். அவர் தொடங்கிய ஆட்டங்களில் பதினைந்து வெற்றி, ஒரே தோல்வி. ஓகஸ்டிலேயே ஒப்பந்தத்தை நீட்டித்து, லீக்கிலேயே மிக அதிகச் சம்பளம் பெறும் வீரராக அவரைக் கிளப் ஆக்கியது.

எண்ணிக்கையில் தெரியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். கெல்லி பாதுகாப்பாக எறிகிறவர் அல்லர். அருகில் ஓர் ஆள் தனியாக நின்றாலும், நாற்பது யார்டு தள்ளி இருவருக்கு நடுவே ஓடுகிறவனைத்தான் முதலில் பார்ப்பார். முன்தடுப்பு உடைந்து எதிரிகள் நெருங்கினாலும் பந்தை விட்டுவிடாமல் ஓடி ஒதுங்கி, கடைசி நொடியில் எறிவார். பார்ப்பதற்கு இதைவிட விறுவிறுப்பு இல்லை. அந்தப் பருவகாலத்தில் அவர் எறிந்தவற்றில் பன்னிரண்டு இடைமறிக்கப்பட்டன. வென்றுகொண்டிருக்கும் அணியில் அந்தப் பன்னிரண்டை யாரும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை.

பருவகாலம் போன வேகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜூனில் ஹமில்ரனை 32-14 என்று வென்று தொடங்கினார்கள். ஜூலைத் தொடக்கத்தில், அதுவரை தோல்வியே காணாமல் வந்த பிரிட்டிஷ் கொலம்பியா அணியை 45-24 என்று வென்றார்கள். ஜூலை இறுதியில், லீக்கில் சொந்த அணி இல்லாத அட்லாண்டிக் கரையோர ஊரான ஹாலிஃபாக்ஸில், ஒரு பல்கலைக்கழக மைதானத்தில், சஸ்கற்சுவானை 31-13 என்று தோற்கடித்தார்கள். முதல் தோல்வி ஓகஸ்டில் கல்கரியில், 20-7. இரண்டாவது செப்டம்பர் இறுதியில் வின்னிபெக்கில், 31-21. அவ்வளவுதான். லீக் கிழக்கு, மேற்கு என இரண்டு பிரிவுகளாக உள்ளது. இரண்டு தோல்விகளுமே வெளியூரில், இரண்டுமே மேற்குப் பிரிவு அணிகளிடம். சொந்த மண்ணில் அவர்கள் தோற்கவேயில்லை, கிழக்குப் பிரிவு அணி எதனிடமும் தோற்கவில்லை. செப்டம்பர் நடுவில், மொன்றியலில் 23-20 என்று வென்றபோதே கிழக்குப் பிரிவில் முதலிடம் உறுதியாகிவிட்டது. முடிவில் 16 வெற்றி, 2 தோல்வி. கனடியன் ஃபுட்பால் லீக்கின் ஒரு பருவகாலத்தில் அதற்குமுன் பதினாறு வென்ற அணி ஒன்றே ஒன்று, 1989-இன் எட்மன்டன்.

இந்த வெற்றிகளைக் கெல்லியின் கணக்கில் மட்டும் எழுதுவது தவறு. அவருக்கு முன்னே நின்ற தடுப்பு வரிசையின் டிஜோன் அலன், அந்த ஆண்டு லீக்கின் சிறந்த முன்தடுப்பு வீரர் விருதைப் பெற்றார். குவாட்டர்பேக் இரண்டு நொடி கூடுதலாகப் பந்தை வைத்துக்கொள்ள முடிந்ததென்றால், அதற்குக் காரணம் இப்படிப்பட்டவர்கள். ஊலெட் நீண்ட தலைமுடியும் முரட்டு உடம்புமாக, விழுத்த வருகிறவர்களை இடித்துக்கொண்டு ஓடி ஆயிரம் யார்டைத் தாண்டினார். எதிரணி உதைக்கும் பந்தை எடுத்து ஓடும் ஜவோன் லீக், அப்படி எடுத்த பந்துகளில் நான்கை டச்டவுனாக்கி, உதை ஆட்டங்களில் இறங்கும் 'சிறப்பு அணி' வீரர்களுக்கான விருதைப் பெற்றார். ஒரு பருவகாலத்தில் நான்கு என்பது அரிது. அணியின் தாக்குதல் வரிசை ஒரு நொடிகூடக் களத்தில் நிற்காமலே புள்ளி வருகிறது என்று அதற்குப் பொருள்.

தற்காப்பின் ஒருங்கிணைப்பாளர் கோரி மேஸ். அவருடைய வரிசையில் முன்னே ஃபொலாரின் ஒரிமொலாடே எதிரணிக் குவாட்டர்பேக்குகளை விரட்டினார். நடுவே விண்டன் மக்மானிஸ் நின்றார். எங்கும் இருப்பதுபோல் தோன்றிய அடாரியஸ் பிக்கெட், சிறந்த தற்காப்பு வீரர் விருதுக்குக் கிழக்குப் பிரிவின் வேட்பாளரானார். இந்தத் தற்காப்பின் குணம் ஒன்றே: எதிரணியைத் தடுத்து நிறுத்துவதோடு திருப்தியடையாமல், பந்தைப் பறிக்கப் பார்த்தது.

அவர்களில் நான் மிகவும் விரும்பிப் பார்த்தவர் ஒரு புதுமுகம், குவான்டேஸ் ஸ்டிகர்ஸ். அமெரிக்காவின் அட்லாண்டாவைச் சேர்ந்தவர். இந்த விளையாட்டில் பல்கலைக்கழக அணியில் ஆடாமல் தொழில்முறைக்கு வருவது ஏறத்தாழ நடக்காத காரியம், ஏனெனில் ஆள் தேடுகிறவர்கள் பார்ப்பதே பல்கலைக்கழக ஆட்டங்களைத்தான். ஸ்டிகர்ஸ் கல்லூரியில் சேர்ந்த காலத்தில் தந்தையை இழந்தார், படிப்பையும் பந்தையும் விட்டுவிட்டு, மளிகைப் பொருட்களை வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்த்தார். பார்வையாளர்கள் வாக்களித்து ஆட்டத்தின் போக்கை முடிவுசெய்யும் ஒரு சிறு உள்ளரங்க லீக்குக்கு மகனின் பெயரைக் கொடுத்தவர் அவருடைய தாயார். அங்கே ஆடியதைப் பார்த்துத்தான் ரொறன்ரோ அழைத்தது. 2023-இல் ஐந்து இடைமறிப்புகள், லீக்கின் சிறந்த புதுமுக விருது. அடுத்த ஏப்ரலில் என்.எஃப்.எல். தெரிவின் ஐந்தாம் சுற்றில் நியூயோர்க் ஜெட்ஸ் அவரை எடுத்தது. கெல்லியையும் இவரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவர் எல்லா வாய்ப்புகளும் கிடைத்து அவற்றைச் சிதறவிட்டவர், மற்றவர் ஒரு வாய்ப்பும் இல்லாமல் வந்தவர். கிளெமன்ஸ் கட்டிய அணியில் இந்த இரண்டு வகையினருக்கும் இடமிருந்தது.

இனி நவம்பர் 11. கிழக்குப் பிரிவின் இறுதியாட்டம், வென்றால் கிரே கிண்ண இறுதி, தோற்றால் வீடு. பி.எம்.ஓ. ஃபீல்ட், வழக்கத்தைவிடப் பெரிய கூட்டம். எதிரே 11 வென்று 7 தோற்ற மொன்றியல் அலுவெட்ஸ். அந்தப் பருவகாலத்தில் ரொறன்ரோவை ஒருமுறையும் வெல்ல முடியாமல் போன அணி அது. முடிவு 38-17, மொன்றியலுக்கு. கெல்லி எறிந்த பந்துகளில் நான்கு இடைமறிக்கப்பட்டன. எல்லா வகையும் சேர்த்து ரொறன்ரோ ஒன்பது முறை பந்தைக் கைமாற்றியது. இடைமறிப்புகளில் இரண்டு, பிடித்தவர்களாலேயே நேராகப் புள்ளியாக்கப்பட்டன.

முதல் அடியை விளக்கினால் மற்றவை தானாகப் புரியும். மொன்றியலின் எல்லைக்கு மிக அருகில், ஏறத்தாழ ஒன்பது யார்டு தொலைவுக்குள் புள்ளி சேர்க்க முயன்றது ரொறன்ரோ. அங்கே கெல்லி எறிந்த பந்தை மார்க்-அந்துவான் டெக்குவா என்ற கியூபெக் இளைஞர் முன்னால் பாய்ந்து பிடித்து, மறுமுனைவரை 101 யார்டு ஓடினார். ஏழு புள்ளி எடுக்க வேண்டிய இடத்தில் ஏழு புள்ளி கொடுத்தாகிவிட்டது, ஆக வித்தியாசம் பதினான்கு. பின்னர் கபியன் என்டோவும் இன்னொரு பந்தைப் பிடித்து எல்லையைக் கடந்தார். வருடம் முழுவதும் அடுத்தவர்களிடம் பந்தைப் பறித்தே வென்ற ஓர் அணி, அதே வழியில், அதுவும் ஒரே பிற்பகலில், மொத்தமாகத் திருப்பிக் கொடுத்தது.

ஏன் அப்படி நடந்தது என்பதற்கு அன்றிலிருந்து சொல்லப்படும் விளக்கம் ஓய்வு. செப்டம்பர் நடுவில் முதலிடம் உறுதியானபின், ஏறத்தாழ எட்டு வாரங்கள் தோற்றாலும் எதுவும் இழக்காத நிலையில் அணி ஆடியது. முதலிடம் பெற்றதால் அரையிறுதி ஆட வேண்டியதில்லை என்பதால், ஒக்டோபர் 28-க்குப் பின் இரண்டு வாரம் களமே காணவில்லை. மொன்றியலோ முந்தைய வாரம் ஹமில்ரனை 27-12 என்று வென்ற சூட்டோடு வந்தது. அதாவது துருப்பிடித்துவிட்டது என்கிறார்கள். இதில் ஓரளவு உண்மை இருக்கலாம், ஆனால் எனக்கு இது போதவில்லை. ஓய்வெடுத்த அணி மெதுவாகத் தொடங்கும், தடுமாறும், பின்னர் சரியாகிவிடும். ஒன்பது முறை பந்தைக் கொடுத்துவிடாது.

என் கணிப்பு இது. கெல்லியின் ஆட்டமுறை முதல் நாளிலிருந்தே ஆபத்தை விலையாக வைத்து ஆடும் முறை. பருவகாலத்தில் ஓர் எறி தவறினால், அடுத்த ஐந்து நிமிடத்தில் ஸ்டிகர்ஸ் ஒரு பந்தைப் பறிப்பார், ஜவோன் லீக் ஓர் உதையைத் திருப்பி ஓடுவார், கடன் அடைந்துவிடும். பதினெட்டு ஆட்டங்கள் என்ற நீளத்தில் இந்தக் கணக்கு எப்போதும் லாபத்தில்தான் முடிந்தது. வெளியேற்றப் போட்டியில் அந்த நீளம் இல்லை. தவிர, பெரும்பாலான நாட்களில் முன்னிலையில் இருந்தே ஆடிப் பழகிய குவாட்டர்பேக், பின்தங்கிய ஆட்டத்தில் பொறுமையாக ஐந்து ஐந்து யார்டாக முன்னேறுவதைவிட, ஒரே எறியில் எல்லாவற்றையும் மீட்கப் பார்ப்பது இயல்பு. மொன்றியலின் தற்காப்பு அதற்காகவே காத்திருந்தது. பின்னே நின்றவர்கள் ஆளைத் துரத்துவதைவிட, கெல்லியின் கண் எங்கே போகிறது என்று பார்த்து அந்த இடத்துக்கு ஓடினார்கள். டெக்குவா பிடித்ததும் அப்படித்தான்.

ஐந்து நாட்கள் கழித்து நயாகரா ஃபோல்ஸில் விருது விழா. லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருது கெல்லிக்கு. விருது முறையான தொடருக்கானது என்பதால் அதில் தவறில்லை, அவர் அதற்குத் தகுதியானவர்தான். ஆனாலும் அந்த மேடையில் ஏறி நின்றது எவருக்கும் எளிதாக இருந்திருக்காது. மூன்று நாள் கழித்து, ஹமில்ரனில், மொன்றியல் வின்னிபெக்கை 28-24 என்று வென்று கிண்ணத்தைத் தூக்கியது. ஆட்டம் முடியப் பதின்மூன்று நொடி இருக்கையில் கோடி ஃபஹார்டோ எறிந்த பந்தை டைசன் ஃபில்பொட் எல்லைக்குள் பிடித்தார். அந்தப் பருவகாலம் தொடங்கும் முன் மொன்றியல் அணிக்கு உரிமையாளரே இல்லாமல் லீக்கே பொறுப்பேற்று நடத்தியது என்பதையும், மார்ச் மாதத்தில்தான் பியர் கார்ல் பெலாடோ வாங்கினார் என்பதையும், ஃபஹார்டோவை முந்தைய ஆண்டு சஸ்கற்சுவான் ஒதுக்கியிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ரொறன்ரோவை வீழ்த்தியவர்கள் ஏதோ வழியில் அகப்பட்ட சாதாரண அணி அல்லர் என்பது விளங்கும்.

பதினாறு வென்று வெறுங்கையோடு போனது இவர்கள் மட்டும் அல்லர். முன்னே சொன்ன 1989 எட்மன்டனின் கதை, பெயர்களை மாற்றினால் இதே கதை. குவாட்டர்பேக் டிரேசி ஹாம் அந்த ஆண்டின் சிறந்த வீரர். 16 வெற்றி, 2 தோல்வி. மேற்குப் பிரிவு இறுதியில், ஒன்பது வென்று ஒன்பது தோற்ற சஸ்கற்சுவானிடம் சொந்த மண்ணில் தோல்வி. அந்த சஸ்கற்சுவான் ரொறன்ரோவுக்கு வந்து, டேவ் ரிட்ஜ்வேயின் கடைசி நொடி உதையில் ஹமில்ரனை 43-40 என்று வென்று கிண்ணத்தைக் கொண்டுபோனது. 2016-இல் கல்கரி 15 வென்று, 2 தோற்று, ஒன்றைச் சமன்செய்து இறுதிப் போட்டிக்கு வந்தது. எட்டே வெற்றிகளோடு வந்திருந்த ஒட்டாவா கூடுதல் நேரத்தில் 39-33 என்று வென்றது. அந்தக் கல்கரி அணியில் குவாட்டர்பேக்குகளுக்குப் பயிற்சி கொடுத்தவர் ரயன் டின்விடி.

டின்விடியின் வாழ்க்கையில் இந்த ஆட்டம் இன்னொரு கணக்கையும் எழுதியிருக்கிறது. 2007-இல் வின்னிபெக்கின் மாற்றுக் குவாட்டர்பேக் அவர். முதன்மை வீரர் கெவின் க்ளெனின் கை முறிந்ததால், தன் லீக் வாழ்க்கையின் முதல் தொடக்க ஆட்டத்தையே கிரே கிண்ண இறுதியில் ஆட நேர்ந்தது. சஸ்கற்சுவானின் ஜேம்ஸ் ஜோன்சன் அன்று மூன்று முறை இடைமறித்து ஆட்ட நாயகனானார், வின்னிபெக் 23-19 என்று தோற்றது. அது நடந்த ஊரும் ரொறன்ரோதான். பயிற்றுநராக 2021-இல் கிழக்கில் முதலிடம் பெற்று, பி.எம்.ஓ. ஃபீல்டிலேயே ஹமில்ரனிடம் 27-19 என்று தோற்றவரும் அவரே. ஆக 2023 நவம்பரில், பந்தைப் பறிகொடுத்துவிட்டுத் தலைகுனிந்து வந்த குவாட்டர்பேக்கிடம் என்ன பேசுவது என்று அறிந்திருந்த பயிற்றுநர் ஒருவர் லீக்கில் உண்டென்றால், அவர் இவராகத்தான் இருக்க முடியும்.

அந்த அணி அப்படியே தொடரவில்லை. ஊலெட் சஸ்கற்சுவானுக்கும், ஜவோன் லீக் எட்மன்டனுக்கும், பிக்கெட் ஒட்டாவாவுக்கும் போனார்கள். கோரி மேஸ் சஸ்கற்சுவானின் தலைமைப் பயிற்றுநரானார். சம்பள உச்சவரம்பு உள்ள லீக்கில், அதிகம் வென்ற அணியின் வீரர்களுக்கு மற்ற ஒவ்வோர் அணியும் கூடுதல் விலை தரத் தயாராக இருக்கும். கெல்லியின் கதை வேறு விதமாகத் திரும்பியது. கிளப்பின் முன்னாள் உடற்பயிற்சியாளர் ஒருவர் 2024 பெப்ரவரியில் அவர்மீதும் கிளப்மீதும் வழக்குத் தொடர்ந்தார். விசாரணைக்குப் பின், பாலினம் சார்ந்த வன்முறைக்கு எதிரான விதிகளை மீறியதாகச் சொல்லி, லீக் மே மாதத்தில் அவரைக் குறைந்தது ஒன்பது ஆட்டங்களுக்கு இடைநிறுத்தியது. முந்தைய நவம்பரில் லீக்கின் சிறந்த வீரர் என்று மேடையேறியவர் அடுத்த பருவகாலத்தின் பாதியை வெளியே இருந்து பார்த்தார். 2023-ஐ நினைவுகூர்கிற எந்தப் பேச்சும் இதை விட்டுவிட்டு நேர்மையாக இருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

2024-இல் ரொறன்ரோ 10 வென்று 8 தோற்றது. அந்த ஆண்டு கிழக்கில் முதலிடம் பெற்று, ஓய்வெடுத்து, சொந்த மண்ணில் காத்திருந்தது 12 வென்று, 5 தோற்று, ஒன்றைச் சமன்செய்த மொன்றியல். நவம்பர் 9 அன்று பிரிவு இறுதியாட்டத்துக்கு ரொறன்ரோ வெளியூர் அணியாகப் போய் 30-28 என்று வென்றது. அந்த ஆட்டத்தில் கெல்லியின் கால் மோசமாக முறிந்தது, தூக்கிக்கொண்டு போனார்கள். எட்டு நாள் கழித்து வன்கூவரில் கிரே கிண்ண இறுதியைத் தொடங்கியவர் மாற்றுக் குவாட்டர்பேக் நிக் ஆர்பக்கிள், 2021-இல் இதே ரொறன்ரோ வேண்டாமென்று வேறு அணிக்குக் கொடுத்துவிட்டவர். வின்னிபெக்கை 41-24 என்று வென்றார்கள், ஆட்ட நாயகன் விருதும் ஆர்பக்கிளுக்கே. கிளப்பின் பத்தொன்பதாவது கிண்ணம் அது.